டீ ஆறுவதற்குள் ஒரு கொலை

லைப்ரரியில் பிணம் கிடக்கிறது. வீட்டுக்காரம்மா முதலில் என்ன செய்வார்? நம்ம ஊர் என்றால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடி வருவார். இங்கிலீஷ் நாவல் என்றால் டீ போடுவார். இன்ஸ்பெக்டர் வருவார், அவருக்கும் ஒரு டீ. டாக்டர் வந்து நாடி பார்த்து, 'உயிர் போய் நாலு மணி நேரமாகிறது' என்று சொல்லிவிட்டு, 'எனக்குச் சர்க்கரை கம்மியாக' என்பார். அந்த வீட்டில் டீ சாப்பிடாத ஒரே ஆள் பிணம்தான். அதுவும் ஏற்கெனவே சாப்பிட்டதால்தான் பிணமாகியிருக்கும்.

இந்த ரகக் கதைகளுக்கு 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். கோஸி என்றால் கதகதப்பு, சௌகரியம். டீ ஆறிப் போகாமல் இருக்க டீ பாட்டின் தலையில் மாட்டுகிற கம்பளிக் குல்லாவுக்கும் இங்கிலீஷில் அதே பெயர். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "கொலைக் கதைல என்ன ஸார் கதகதப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதத்து விருத்தாசலத்தில் கேட்கக் கூடாத கேள்வி. வெயிலும் சூளையும் போட்டி போடுகிற ஊர் எங்களுடையது. கதகதப்புக்குப் பஞ்சமே கிடையாது.

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் மூன்று விதமாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நாலு திசைக்கும் ரயில் மாறுகிறவர்களுக்கு ஜங்ஷன். பக்தர்களுக்கு விருத்தகிரீஸ்வரர், தரைக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையார். மற்றவர்களுக்கு செராமிக். மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே ப்யூஸ் கட்டை, கார்த்திகைக்கு வாங்குகிற பீங்கான் அகல், ஷோகேஸில் மூக்கு உடைந்த பொம்மை, இதெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள், கூடை கூடையாகக் கிடக்கும். ஆகவே, கப் அண்ட் சாஸரில் நடக்கும் கொலைகளைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

* * *

இந்தக் கதைகளின் தலைமைப் பீடம் அகதா கிறிஸ்டி. 1890-ல் பிறந்து 1976-ல் இறந்தார். முதல் உலக யுத்தத்தின்போது ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலை பார்த்தார். எந்தப் பாட்டிலில் எத்தனை சொட்டு அதிகமானால் ஆள் காலி என்பது அங்கே அத்துப்படியாகிவிட்டது. 1920-ல் முதல் நாவல். அதிலேயே விஷம். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக விதவிதமாக விஷம் வைத்துக்கொண்டே இருந்தார். லண்டனில் 1952-ல் ஆரம்பித்த அவருடைய 'மௌஸ்ட்ராப்' நாடகம், கொரோனா வந்து 2020-ல் நிறுத்தும் வரை நிற்காமல் ஓடியது. 2021-ல் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர் மெகா சீரியல்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய சங்கதி.

கதை எப்போதும் ஒரே மாதிரிதான். சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ரத்தம் அவ்வளவாகத் தெறிக்காது. செத்தவர் பெரும்பாலும், செத்துப் போனால் யாரும் ரொம்ப வருத்தப்பட மாட்டார்கள் என்கிற ரகம். பணக்கார மாமா, வட்டிக்கு விடுகிறவர், எல்லோரையும் மிரட்டுகிறவர். சந்தேகப்பட ஆறேழு பேர். அத்தனை பேருக்கும் மறைக்க ஏதோ ஒன்று இருக்கும். துப்பறிவது போலீஸ் இல்லை. சும்மா இருக்க முடியாத ஓர் உள்ளூர் ஆசாமி. கடைசியில் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, ஒவ்வொருவரின் குட்டையும் உடைத்துவிட்டு, 'கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்' என்பார்கள். இருக்கத்தான் செய்வார். வேறே எங்கே போவார்? கதையில் வேறு அறையே கிடையாது.

இந்த ஆசாமிகளில் எனக்குப் பிடித்தது மிஸ் மார்ப்பிள். 1930-ல் முதல் நாவல். கல்யாணமாகாத கிழவி. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய முறை எந்தப் போலீஸ் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை. ஒரு மேஜரைப் பார்த்ததும், 'இவர் முழி எங்கள் ஊர் மீன்காரன் மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். மீன்காரன் எடைக்கல்லில் என்ன தில்லுமுல்லு செய்தானோ, அதையேதான் மேஜர் உயிலில் செய்திருப்பார். மனுஷ சுபாவம் எல்லா ஊரிலும் ஒன்று, அதைப் படிக்க ஒரு கிராமம் போதும் என்பது கிழவியின் சித்தாந்தம்.

ஆனால் கிறிஸ்டியின் பாதிக் கொலைகள் தமிழ்நாட்டில் நடக்க முடியாது. கப்பின் விளிம்பில் விஷத்தைத் தடவினால் என்ன பிரயோஜனம்? எங்கள் பாட்டி அண்ணாந்து குடிப்பாள். டம்ளர் உதட்டில் படாது. டிகாக்ஷனில் கலந்தால், "பொடி மாத்திட்டியா?" என்று முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாள். காப்பி விஷயத்தில் தஞ்சாவூர்க்காரர்களை யாராலும் கொல்ல முடியாது.

* * *

1929-ல் ரோனால்டு நாக்ஸ் என்று ஒரு பாதிரியார், இந்தக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். பாதிரியாருக்குப் பத்து என்கிற எண் கைவந்த கலை போலும். அவருடைய நோக்கம் ஒன்றே ஒன்று. வாசகனை ஏமாற்றக் கூடாது. துப்பறிகிறவன் பார்த்த தடயத்தையெல்லாம் வாசகனுக்கும் காட்டியாக வேண்டும். நியாயமான ஆட்டம்.

கட்டளைகளைத் தமிழில் அமல்படுத்திப் பாருங்கள். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்கிறார். நம்மிடம் எந்தக் கோயிலுக்குப் போனாலும், 'இங்கேருந்து ஒரு சுரங்கம் அடுத்த ஊர் கோயிலுக்குப் போகுதுங்க' என்று காதோரம் சொல்ல ஒருவர் இருப்பார். யாரும் போய்ப் பார்த்ததில்லை. அமானுஷ்யம் கூடாது என்கிறார். பொருள் காணாமல் போனால் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிற வழக்கமுள்ள நாடு இது. மையில் தெரிகிற முகம், யார் மேல் ஏற்கெனவே சந்தேகமோ அவருடைய முகமாகவே இருக்கும் என்பது தனி விஷயம். இரட்டைப் பிறவிகளை முன்னறிவிப்பில்லாமல் கொண்டுவரக் கூடாது என்கிறார். தமிழ் சினிமாவுக்கு அடிமடியிலேயே கை.

எனக்கு முக்கியமாகப் படுவது ஆறாவது கட்டளை. துப்பறிகிறவனுக்குத் தற்செயல் எதுவும் உதவக் கூடாது, காரணமில்லாத உள்ளுணர்வும் உதவக் கூடாது.

இந்த ஒரு கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு, கதைக்குக் கதை சந்தோஷமாக மீறி, அதையே ஒரு தொடராக்கிவிட்டார் ஒரு தமிழர். தேவன். 1942-ல் விகடனில் வந்த துப்பறியும் சாம்பு. நாற்பது வயதுக்கு மேல், வழுக்கை, பெரிய மூக்கு, பாங்க் குமாஸ்தா, அசடு. எங்கேயாவது தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். எதையோ உளறுவார். அது குற்றவாளிக்குத் தன்னைச் சொன்ன மாதிரி கேட்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன், 'ஆஹா, என்ன மூளை!' என்று அசந்துபோவார். சாம்புவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது கடைசி வரை தெரியாது.

நாக்ஸ் படித்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார். நாம் ஏன் ரசிக்கிறோம்? ஆபீஸில் உத்தியோகம் பார்க்கிற எவனுக்கும் இது புரியும். மேனேஜர் நம்மை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் எல்லோரும் சாம்புவைப் பார்த்தார்கள். கிறிஸ்டி கதையில் வாசகன் துப்பறிகிறவரோடு போட்டி போடுகிறான், தோற்கிறான். சாம்பு கதையில் போட்டியே இல்லை. நமக்குத்தான் சாம்புவைவிட அதிகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திங்கட்கிழமையை நினைத்து வயிற்றைக் கலக்குகிற நேரத்தில், இதைவிடக் கதகதப்பு என்ன வேண்டும்? தேவன் 1957-ல், நாற்பத்து மூன்று வயதிலேயே போய்விட்டார். சாம்பு இன்னும் இருக்கிறார்.

* * *

நம் துப்பறியும் கதை சாம்புவிலிருந்து ஆரம்பிக்கவில்லை. பண்டித நடேச சாஸ்திரி 1894-லேயே தானவன் என்கிற போலீஸ்காரரை வைத்து எழுதிவிட்டார். ஷெர்லாக் ஹோம்ஸ் சூடாக வந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், 'ராஜாம்பாள்' எழுதிய ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இவர்களைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படித்தார்கள். அப்புறம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன், அவருடைய சங்கர்லால். 1968-ல் 'நைலான் கயிறு' மூலமாக சுஜாதாவின் கணேஷ், பின்னால் வந்து சேர்ந்துகொண்ட வஸந்த்.

எண்பது, தொண்ணூறுகளில் ஜங்ஷன் புத்தகக் கடையில் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்கு ஒரு முழுக் கொலை கிடைத்தது. கார்டு லைன் பாசஞ்சரில் விருத்தாசலத்தில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் கொலைகாரன் அகப்பட்டுவிடுவான். வண்டி உளுந்தூர்பேட்டையில் க்ராஸிங்குக்காக நின்றால் அதற்குள்ளேயே. ராஜேஷ்குமார் ஒரு அத்தியாயத்தில் ஒரு கதை, அடுத்த அத்தியாயத்தில் சம்பந்தமில்லாத வேறொரு கதை என்று இரண்டு தண்டவாளமாக ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் ஜங்ஷனில் சேர்த்துவிடுவார். அந்த வித்தையை எங்கள் ஊர்க்காரர்களைப் போல ரசிக்க யாராலும் முடியாது.

ஆனால் இவையெல்லாம் கோஸியா? இல்லை. பிணங்கள் துண்டு துண்டாகச் சூட்கேஸில் வரும். கதகதப்பு வேறு இடத்தில் இருந்தது. ஜோடியில். விவேக்-ரூபலா, பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி. கொலை யார் செய்தது என்பதைவிட சுசீலாவின் பனியனில் இந்த மாதம் என்ன வாசகம் என்பதுதான் எங்கள் ஹாஸ்டலில் தலையாய புதிர். கணேஷ்-வஸந்த் இரண்டு பேருமே ஆண்கள், வக்கீல்கள். அவர்களிடமும் வஸந்தின் கடிக்காகத்தான் பலர் காத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் வீட்டுக்கு மாசா மாசம் போய்விட்டு வருகிற சுகம். கோஸி மிஸ்டரியின் சுகமும் பாதி அதுதான். 'மர்டர், ஷீ ரோட்' என்று அமெரிக்க டி.வி.யில் 1984-லிருந்து 96 வரை ஒரு தொடர் ஓடியது. கேபட் கோவ் என்ற தம்மாத்துண்டு கற்பனை ஊர். வாரா வாரம் கொலை. அந்த ஊரில் எப்படித்தான் ரேஷன் கடையில் க்யூ நிற்க ஆள் மிஞ்சியதோ! இருந்தும் ஜனங்கள் அங்கே போய்க் குடியிருக்க ஆசைப்பட்டார்கள்.

என் குறை ஒன்றுதான். ஜோடிகள் எல்லாம் பெரும்பாலும் பெரிய பட்டணங்களில் இருந்தார்கள். திண்ணை இருக்கிற ஊரில், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவை அளக்கிற ஒரு மிஸ் மார்ப்பிள் தமிழில் ஏன் பெரிதாக வரவில்லை? கச்சாப்பொருளுக்கா பஞ்சம்? மூன்றாவது வீட்டுப் பெண்ணை எந்த ஊர் மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போனான், ஏன் தட்டிப் போயிற்று, பஜ்ஜியில் உப்பு கூடவா குறைவா என்பது வரை சொல்ல, தெருவுக்கு மூன்று கிழவிகள் இருக்கிற தேசம் இது.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு நிஜக் கேஸ் சொல்ல வேண்டும்.

* * *

தொண்ணூறுகளில் எங்கள் ஊரில் ஒரு சின்ன யூனிட்டில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பதினோரு பேர். அகல் விளக்கும் ஜாடியும் செய்வோம். அங்கே ஓர் ஆயா இருந்தார். சூளையிலிருந்து இறக்கிய சரக்கை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. 'ணங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தட்டுவார். தட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். காது இரண்டையும் கேட்கும்.

எல்லோரும் சேர்ந்து தீபாவளிச் சீட்டு போட்டிருந்தோம். பிஸ்கட் டப்பாவில் பணம், 3,850 ரூபாய். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது டப்பா காலி.

சூபர்வைசருக்கு சந்தேகமே இல்லை. சூளைப் பையன்தான். சின்னசேலம் பக்கத்திலிருந்து வந்து இரண்டே மாதம் ஆகிறது. ராத்திரி அங்கேயே படுக்கிறான். பத்தொன்பது வயசு. சொந்தக்காரர்கள் யாரும் ஊரில் இல்லை. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பலாம் என்று சைக்கிளை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து ஸ்டேஷனுக்குள் ஒரு கூலிக்காரப் பையன் போனால், பணத்தை எடுத்தானோ இல்லையோ, எடுத்ததாக ஒப்புக்கொண்டுதான் வெளியே வருவான்.

"இருங்கடா" என்றார் ஆயா. டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு தொடைச்சது?"

யாரும் துடைக்கவில்லை.

"மூடி பளபளன்னு இருக்கே. இந்தக் கொட்டாயில எதுனா பளபளன்னு இருந்து பாத்திருக்கீங்களா?"

உண்மைதான். களிமண் தூள் படியாத பொருளே அங்கே கிடையாது. டப்பா எப்போதும் மாவு பூசின மாதிரிதான் இருக்கும். எடுத்தவன் கைத்தடம் தெரியாமல் இருக்கத் துடைத்திருக்கிறான்.

"இந்தப் பையன் எதுல தொடைப்பான்? லுங்கியில. அவன் லுங்கியப் பாரு. மண்ணு. அதுல தொடைச்சா டப்பா இன்னும் வெள்ளையாவுமே தவிர சுத்தமாவாது. எடுத்தவன் கையில சலவைத் துணி இருந்திருக்கு. கைக்குட்டை."

கைக்குட்டை வைத்திருக்கிற பேண்ட் ஆசாமிகள் அங்கே மூன்று பேர். சூபர்வைசர், கணக்கு எழுதுகிறவர், நான். ஆயா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டிப் பார்க்கிற மாதிரி. எனக்கு அடிவயிறு குளிர்ந்தது. எடுக்காதவனுக்கும் அப்படி ஒரு குளிர் வரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதுவே இங்கிலீஷ் நாவலாக இருந்தால் எங்களை ஹாலில் உட்கார வைத்திருப்பார்கள். ஆயா டப்பாவை அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்தார். "நாளைக்குக் காலையில நான் வந்து பாக்கிறேன். அதுவரைக்கும் யாரும் ஸ்டேஷனுக்குப் போவ வேணாம். சைக்கிள நிறுத்துங்க." அவ்வளவுதான். மறுபடி தட்ட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை டப்பாவில் 3,850 ரூபாயும் இருந்தது. யார் வைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஆயாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும். இன்றுவரை ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை. சூளைப் பையன் மட்டும் அன்று சாயங்காலம் ஆயாவுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தான். தன் சொந்தக் காசில்.

நம் மிஸ் மார்ப்பிள்கள் நாவலில் வராததற்கு இதுதான் காரணம். கண்டுபிடிக்கத் தெரியாமல் இல்லை. பெயரைச் சொல்லமாட்டார்கள். எடுத்தவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு, நாளைக்கும் அதே கொட்டகையில் அவன் முகத்தில் முழிக்க வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகப் பொருள் திரும்பி வந்துவிடும், கதை முடிந்துவிடும். கடைசி அத்தியாயம் இல்லாத கதையை எந்த எடிட்டர் வாங்குவார்?

* * *

ஆனால் இந்த வைத்தியம் டப்பாவுக்கு மட்டும்தான் பலிக்கும். பெயரைச் சொல்லியே தீர வேண்டிய ஒரு கேஸும் எங்கள் ஊருக்கு வந்தது.

விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் சோழர் காலத்து அர்த்தநாரீஸ்வரர் சிலை ஒன்று. கருங்கல். அது மாடத்தை விட்டுப் போய்விட்டது, அந்த இடத்தில் வேறு சிலை நின்றது. பிரதட்சிணம் வழக்கம்போல நடந்தது, கற்பூரம் வழக்கம்போல எரிந்தது. அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் பஜ்ஜி வரை அறிந்த ஊர் இது.

2004-ல் அந்தச் சிலை ஆஸ்திரேலியாவில், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் காலரிக்குப் போய்ச் சேர்ந்தது. விலை சுமார் மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலர். விற்றவர் சுபாஷ் கபூர். நியூயார்க் மாடிசன் அவென்யூவில் கடை. கோட்டு, சூட்டு, மியூசியங்களோடு பழக்கம். கிறிஸ்டி கதையில் இப்படி ஒருவர் வந்தால் இரண்டாவது பக்கத்திலேயே உஷாராகிவிடுவோம். நிஜத்தில் கைகுலுக்கத்தான் தோன்றும்.

சிலையோடு ஒரு ரசீதும் போயிற்று. 1970-லேயே டெல்லியில் ஒரு கடையில் விற்கப்பட்டதாக. ஏன் 1970? அங்கேதான் சூட்சுமம். கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் அந்த வருஷத்தியது. நம் நாட்டுத் தொல்பொருள் சட்டம் 1972. அதற்கெல்லாம் முன்பே கைமாறிவிட்டது என்று காட்டினால் மியூசியங்கள் அதிகம் கேள்வி கேட்கமாட்டார்கள். 'நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை' என்று குற்றவாளி சொல்வான் அல்லவா, இங்கே அதைச் சிலையைச் சொல்ல வைத்தார்கள்.

உடைத்தவர்களில் முக்கியமானவர் போலீஸ்காரர் இல்லை. விஜயகுமார் என்று ஒரு தமிழர், சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி உத்தியோகம். சிலைகள் மேல் பைத்தியம். ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி உட்கார்ந்து, அவரும் அவரைப் போன்ற சில நண்பர்களும் மியூசியப் படங்களையும் கோயில்களில் எப்போதோ எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். கல் சிலையில் ஒரு விரல் உடைந்த விதம், மூக்கு நுனி தேய்ந்த விதம், விளிம்பில் பெயர்ந்த சில்லு, எல்லாம் கைரேகை மாதிரி. எந்தச் சிற்பியாலும் இன்னொரு தடவை அதேபோல் உடைக்க முடியாது. சிட்னியில் நின்ற அர்த்தநாரியும் பழைய படத்தில் எங்கள் ஊர் மாடத்தில் நின்ற அர்த்தநாரியும் ஒன்றுதான் என்று 2013-ல் அம்பலமாயிற்று. தொழில் வேறு, துப்பு பொழுதுபோக்கு, ஆயுதம் இரண்டு கண். நாக்ஸ் பாதிரியாரின் ஆறாம் கட்டளையும் மீறப்படவில்லை.

எங்கள் ஊருக்கு இந்த வித்தை புதிதும் இல்லை. சுந்தரருக்கு சிவபெருமான் இங்கே பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். கள்ளர் பயம். பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுந்தரர் சும்மா போடவில்லை. ஒரு துண்டை வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மாற்று குறைவு! கொடுத்தவர் கடவுளே ஆனாலும் சாம்பிள் வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் அவருக்கு இருந்தது. கோயில் சுவரின் அந்தப் பழைய போட்டோவும் ஒரு மச்சம்தான்.

2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், டெல்லிக்கு வந்தபோது நம் பிரதமரிடம் அர்த்தநாரியைத் திருப்பிக் கொடுத்தார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராஜரும் கூட வந்தார். கபூர் 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் பக்கத்துக் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட் அவருக்குப் பத்து வருஷம் கொடுத்தது. ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பெயரைச் சொல்கிற அத்தியாயம், கும்பகோணத்தில் நடந்தது.

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எழுபது, எண்பதுகளில் ஏதாவது கோயிலில் எடுத்த கல்யாண குரூப் போட்டோ இருக்கும், காதுகுத்துப் படம் இருக்கும். மொட்டைத் தலையையும் பட்டுப் புடவையையும் விட்டுவிட்டுப் பின்னால் சுவரில் யார் நிற்கிறார் என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அருமையான மாடம், உள்ளே ஒரு சிலை. இடுப்பு வரை தெளிவாகத் தெரிகிறது. அதற்கு மேல் அத்தையின் கொண்டை.